தனியொருவராய் உலகைச் சுற்றிய கடலோடி



நம் முன்னோர்களுள் பலர் கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து இந்நாட்டிற்கு வந்தவர்கள். கப்பலில் கழித்த நாள்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போர் நம்முள் பலர் உண்டு. அக்கப்பல்கள் நீராவியால் ஓடின. அவற்றில் மாலுமிகள் இருந்தனர், சமைப்போர் இருந்தனர், இன்பதுன்பம் பேசிக்கொள்ள உடன் வருவோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆனால், இயந்திரம் ஏதுமின்றி, துணைக்கு ஒருவருமின்றி, தம் கையாற் செய்த சிறு பாய்மரப் படகொன்றில் உலகம் முழுவதையும் சுற்றி வந்த மனிதர் ஒருவரும் இருந்தார். அவ்வாறு தனியே உலகைச் சுற்றியவர்களுள் அவரே முதல்வர். அவர் பெயர் ஜோசுவா ஸ்லோக்கம் என்பதாகும். அப்பெரியாரின் வரலாற்றையும், நடுக்கடலில் அவர் ஒவ்வொரு நாளையும் எவ்வாறு கழித்தார் என்பதையும் இங்கு நாம் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் உள்ளது. அங்கு 1844-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் ஜோசுவா பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் அவர் ஐந்தாமவர். தந்தையார் காலணி தைக்கும் தொழிலாளி, மிகவும் கண்டிப்பானவர். குடும்பத்தின் வறுமை காரணமாக ஜோசுவாவின் பள்ளிப் படிப்பு பத்து வயதளவில் நின்றுபோயிற்று. படிக்க வேண்டிய வயதில் அவர் தந்தையின் தொழிற்கூடத்தில் அமர்ந்து தோல் தைத்தார்.

ஆயினும் சிறுவனின் உள்ளம் கடலையே நாடியது. ஒருநாள் தந்தையார் அறியாமல் சிறு மரக்கப்பல் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட தந்தையார் சினங்கொண்டு அக்கப்பலை உடைத்தெறிந்தார். மரக்கப்பல் உடைந்ததேயன்றி மகனின் ஆசை உடையவில்லை. பதினான்காம் வயதில் வீட்டை விட்டு ஓடி, மீன்பிடிக் கப்பலொன்றில் சமையல் வேலையில் சேர்ந்தார். அம்முறை வீடு திரும்பினார் எனினும், 1860-ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தபின் நிலையாகவே கடலுக்குச் சென்றுவிட்டார்.

கப்பலில் கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்த அவர், ஓய்ந்த நேரங்களில் கணக்கும் கடற்கலையும் தாமே கற்றார். படிப்படியாக உயர்ந்து, கப்பல் தலைவர் ஆனார். 1871-ஆம் ஆண்டில் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவருடன் கப்பலிலேயே வாழ்ந்தார். பிள்ளைகளும் கப்பலிலேயே வளர்ந்தனர். தாயே அவர்களுக்கு ஆசிரியையும் ஆனார். பல்லாண்டு மகிழ்வுடன் சென்ற அவ்வாழ்வு 1884-ஆம் ஆண்டில் குலைந்தது. அர்ஜென்டினா நாட்டின் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் வர்ஜீனியா நோயுற்று இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் ஸ்லோக்கம் தம் உடைமையாகிய கப்பலையும் பிரேசில் கரையில் இழந்தார். அதற்குள் அவர் ஹென்ரியெட்டா என்பவரை மறுமணம் செய்திருந்தார். மனைவியோடும் மைந்தர் இருவரோடும் அயல்நாட்டுக் கரையில் நின்ற அவர் மனந்தளரவில்லை. 35 அடி நீளமுள்ள படகொன்றைத் தாமே கட்டி, குடும்பத்தாரை அதில் ஏற்றி, 5,000 மைலுக்கு மேற்பட்ட கடலைக் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார். அப்பயணத்திற்குப்பின் கடல் வாழ்வே வேண்டாவென்று அம்மையார் கரையில் தங்கிவிட்டார்.

வயலில் கிடந்த படகு

அக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்மரக் கப்பல்களுக்கு வேலை குறைந்தது. அவற்றை ஓட்டுவதையே வாழ்வாகக் கொண்ட ஸ்லோக்கமும் வேலையின்றி நின்றார். ஒரு தொழில் மறையும்போது அத்தொழிலையே நம்பியிருந்தவர்கள் படும் துன்பம் எத்தகையது என்பதைத் தோட்டப்புற மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1892-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு படகைக் கொடையாகக் கொடுத்தார். பேர்ஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தபோது, அது கடலில் இல்லை. வயலொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, மேலே துணி மூடப்பட்டு, உளுத்துப்போய்க் கிடந்தது. அதனை உடைத்து விறகாக்கவே அவர் வந்திருக்கிறார் என்று ஊரார் எண்ணினர். அவரோ கோடரியை எடுத்துச் சென்று அருகில் நின்ற கருவாலி மரத்தை வெட்டினார். பழைய பலகை ஒவ்வொன்றையும் நீக்கிப் புதிய பலகை வைத்தார். இடையிடையே கூலி வேலை செய்து பொருளீட்டினார். 13 திங்களில் வேலை முடிந்தது. செலவு 553 டாலர் 62 காசு. நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். பழைய பெயராகிய 'ஸ்ப்ரே' என்பதையே அதற்கு வைத்தார். அலைத்திவலை என்பது அதன் பொருள்.

புறப்பாடு

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தினின்று ஸ்ப்ரே பாய்விரித்துப் புறப்பட்டது. அப்போது ஸ்லோக்கமுக்கு வயது 51. கடலோடியாகிய அவருக்கு நீந்தத் தெரியாது என்பது வியப்பிற்குரிய செய்தி!

கடற்பயணத்தில் தாம் இருக்கும் இடத்தை அறியப் பிழையின்றி ஓடும் உயர்ந்த கடிகாரம் வேண்டும். அவரிடம் பழைய கடிகாரம் ஒன்று இருந்தது. அதனைச் செப்பனிட 15 டாலர் ஆகும். அப்பணம் அவரிடம் இல்லை. ஆகவே, வழியில் ஒரு கடையில் முகப்பு உடைந்திருந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். ஒன்றரை டாலர் விலையுள்ளதாயினும் உடைந்திருந்தமையால் கடைக்காரர் குறைத்துக் கொடுத்தார். பின்னாளில் இந்தியப் பெருங்கடலில் அக்கடிகாரத்தின் நிமிட முள்ளும் விழுந்துவிட்டது. அது நின்றுபோனால் வெந்நீரில் இட்டு எடுப்பாராம், மீண்டும் ஓடுமாம்.

தனிமையும் அதன் மருந்தும்

ஜூலை 2-ஆம் நாள் நோவா ஸ்கோஷியாவை விட்டு அட்லாண்டிக் பெருங்கடலுள் நுழைந்தார். சில நாள்களில் மூடுபனி சூழ்ந்தது. நாற்புறமும் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் தனிமை அவரைத் தாக்கியது. தாம் பிறந்தது முதல் நிகழ்ந்தவை அனைத்தும், மறந்தேபோன சிறு செய்திகளும், கண்முன் வந்து நின்றன. தம் குரல் கெட்டுவிடுமோ என்றஞ்சி, இல்லாத மாலுமிக்கு உரத்த குரலில் கட்டளையிட்டுப் பார்த்தார். மறுமொழி இல்லாத வெளியில் தம் குரலே தமக்கு வெறுமையாக ஒலித்ததால் அதனை விட்டுவிட்டார். பின்னர்ப் பாடத் தொடங்கினார். கடலாமைகள் தலைதூக்கிப் பார்த்தன. கடற்பன்றிகள் துள்ளிக் குதித்தன.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. புயலடித்து வேலை மிகுந்திருக்கையில் அவரைத் தனிமை வாட்டவில்லை. காற்றுத் தணிந்து கை ஓய்ந்தபோதே அது மீண்டும் வந்தது. இதனை அவர் நன்குணர்ந்தார். நாள்தோறும் செய்யவேண்டிய வேலைகளை ஒழுங்காகச் செய்வதே தனிமைக்கு மருந்து என்று கண்டார். 18 நாளில் அசோர்ஸ் தீவுகளை அடைந்தபோது அத்துன்பத்தைப் பெரும்பாலும் வென்றிருந்தார்.

அத்தீவினர் அன்புடன் கொடுத்த பழங்களையும் பாலடைக்கட்டியையும் மிகுதியாக உண்டமையால், மீண்டும் கடலேறியபின் கடும் வயிற்றுவலி கண்டது. வலியினூடே பாயைச் சுருக்கியபின் அறைத்தரையில் விழுந்து கிடந்தார். காய்ச்சல் மயக்கத்தில், கொலம்பஸ் காலத்து மாலுமி ஒருவர் தம் சுக்கானைப் பிடித்து நிற்பதாகக் கண்டார். விடிந்து எழுந்து பார்த்தபோது, படகு அவ்விரவு 90 மைல் தூரத்தை நேர்வழியே கடந்திருந்தது! மனிதர் கைவிட்டாலும் நேரே செல்லும் தன்மை அப்படகுக்கு அமைந்திருந்ததே காரணம். அதன் அடிப்பாகம் நீண்டு நேராக இருந்தது. பாய்களைத் தக்க அளவில் இழுத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், படகு சற்றே விலகினாலும் காற்றின் விசையே அதனைப் பழைய வழிக்குத் திருப்பிவிடும்.

கொந்தளித்த தெற்கு

முதலில் அவர் எண்ணியது ஜிப்ரால்டர் வழியே நடுநிலக்கடலுள் சென்று சூயெஸ் கால்வாயைக் கடப்பதாகும். அவ்வழியில் கடற்கொள்ளையர் மிகுதி என்று பிரிட்டிஷ் கடற்படையினர் எச்சரித்தமையால் வழியையே மாற்றினார். வந்த அட்லாண்டிக்கை மறுபடியும் கடந்து, 40 நாளில் பிரேசிலை அடைந்தார்.

உருகுவே நாட்டுக் கரையில் ஸ்ப்ரே மணலில் ஏறிவிட்டது. நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றிச் சென்றபோது தோணி கவிழ்ந்தது. நீந்த அறியாத அவர் கவிழ்ந்த தோணியைப் பற்றிக்கொண்டே மீண்டும் மீண்டும் முயன்று அதனை நிமிர்த்தி உயிர் பிழைத்தார்.

1896-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் முனையிலுள்ள மகெல்லன் நீரிணைக்குள் நுழைந்தார். அங்கு இரவில் படகேறிக் கொள்ளையிடுவோர் உண்டு. கப்பல் தலைவர் ஒருவர் ஒரு பை நிறையக் கம்பள ஆணிகள் கொடுத்திருந்தார். படுக்கப்போகும்முன் ஸ்லோக்கம் அவற்றைத் தட்டின்மேல் தூவிவைத்தார். வெறுங்காலுடன் ஏறியவர்கள் அலறியடித்து ஓடினர். அவர் துப்பாக்கி எடுக்கவும் தேவையில்லாது போயிற்று.

மார்ச் 3-ஆம் நாள் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் புகுந்தார். உடனே பெரும்புயல் தாக்கிப் பாயைக் கிழித்தது. படகைத் தெற்கே அடித்துச் சென்றது. ஓர் இரவு முழுவதும் பாறைகளின்மேல் வெண்ணுரையாய் உடையும் அலைகளுக்கிடையே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு படகைச் செலுத்தினார். மீண்டும் நீரிணைக்குள் திரும்பி, கிழிந்த பாயை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு, காற்றுக்காகக் காத்திருந்தார். பலமுறை முயன்று ஏப்ரல் 13-ஆம் நாளிலேயே வெளியேறினார். இளமையில் தோல் தைத்துப் பழகிய கைகள் பாய் தைக்க உதவின போலும்!

பசிபிக்கில் ஒரு நாள்

ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் சில நாள் தங்கியபின், மே 5-ஆம் நாள் அவர் மேற்கே சமோவாவை நோக்கிப் புறப்பட்டார். இடையில் எங்கும் தங்காமல் சென்ற அப்பயணம் 72 நாள் நீடித்தது. அந்நாள்கள் எவ்வாறு கழிந்தன?

காலையில் கதிரவன் படகின் பின்புறம் எழும். மாலையில் முன்புறம் மறையும். இரவில் தெற்கே சிலுவை மீன்கூட்டம் தெரியும். வழி பிசகாமல் செல்வதற்கு இவையே சான்று. விடியற்காலையில் தட்டின்மேல் வந்து பார்த்தால், கோலா எனப்படும் பறக்கும் மீன்கள் இரவில் பாயில் மோதி விழுந்து கிடக்கும். தூண்டிலின்றிக் கிடைத்த அம்மீன்களே காலையுணவு. அவற்றைப் பொரித்து, சுடச்சுட ரொட்டியும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் காப்பியும் சேர்த்து உண்பார். உப்பிட்ட மீனும் கெட்டிரொட்டியும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். சமைப்பவரும் அவரே, உண்பவரும் அவரே ஆகையால் சமையலில் குறைகூற எவருமில்லை.

பழைய தோணியொன்றைக் குறுக்கே இரண்டாக அறுத்து, வெட்டிய பக்கத்தில் பலகை அடைத்து வைத்திருந்தார். கரைக்குச் செல்ல அதுவே தோணி. துணி துவைக்க அதுவே தொட்டி. குளிக்கவும் அதுவே தொட்டி. பண்டங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோர்க்கு ஒரு பொருளே மூன்று பொருளாகும்.

உச்சிவேளையில் கோணமானி கொண்டு கதிரவனின் உயரத்தை அளப்பார். பிற்பகலில் கிழிந்த துணி தைப்பார். பாயையும் கயிற்றையும் பார்த்துச் செப்பம் செய்வார். எஞ்சிய நேரமெல்லாம் நூல் படிப்பார். அவர் படகில் நூல்கள் நிறைய இருந்தன. தாமாகச் செல்லும் படகின் அறையில் அமர்ந்து, நீரோசையைக் கேட்டவாறே படிப்பது அவருக்குப் பேரின்பம். பாஸ்டனிலிருந்து வந்த சிலந்தியொன்று அறையின் மூலையில் குடியிருந்தது. மனிதத் துணை இல்லாதபோது பறவையும் மீனும் சிலந்தியுமே துணை. ஓர் இரவு பெருந்திமிங்கிலம் ஒன்று படகருகே எழுந்து, வாலடித்து, அவரை நனைத்துவிட்டுச் சென்றது.

பள்ளி விட்ட சிறுவன் கண்ட பிழை

புறப்பட்ட 43-ஆம் நாள் மார்க்கேசஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவு தெரியவேண்டும் என்பது அவர் கணக்கு. நல்ல கடிகாரம் இல்லாமையால், நிலவுக்கும் கதிரவனுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து இடத்தைக் கணிக்கும் கடினமான பழைய முறையைக் கையாண்டார். முதலில் வந்த விடை அவர் மதிப்பீட்டினின்று நூற்றுக்கணக்கான மைல் விலகியிருந்தது. வேறொருவராயின் தம் அளவையே ஐயுற்றிருப்பர். அவர் மீண்டும் அளந்தார், மீண்டும் கணக்கிட்டார், இறுதியில், அச்சிட்ட கணித அட்டவணையிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார்! அதனைத் திருத்திக் கணக்கிட்டபோது விடை சில மைல் அளவில் சரியாக நின்றது. தீவும் கண்ணில் பட்டது. பத்து வயதளவில் பள்ளியை இழந்தவர், கற்றோர் அச்சிட்ட நூலின் பிழையைத் திருத்தினார் என்பதை மாணவர்கள் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும். பள்ளி கிடைக்கப்பெற்ற நாம் எவ்வளவு செய்தல் கூடும்!

மலாய் மொழி ஒலித்த தீவு

சமோவாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கியபின், 1897-ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலில் நுழைந்தார். அங்கு நம் செவிக்குப் பழகிய மலாய் மொழி பேசும் மக்கள் வாழும் கோகோஸ் கீலிங் தீவு உள்ளது. 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்து, கடலில் ஒரு புள்ளி போன்ற அத்தீவை நேரே சென்றடைந்தார். அந்த 23 நாளில் அவர் சுக்கானைக் கையிற் பிடித்தது மூன்று மணி நேரத்திற்கு மேலில்லை. தீவில் ஒருநாள் படகுக்குத் தார் பூசிக்கொண்டே கறுத்த பழப்பாகை ரொட்டியில் தடவி உண்டார். அதனைக் கண்ட குழந்தைகள், கப்பல் தலைவர் தாரைத் தின்கிறார் என்று கூவி ஓடினராம்!

பின்னர் மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா வழியாகச் செயிண்ட் ஹெலினா தீவை அடைந்தார். அங்கு ஒருவர் துணைக்கென்று ஓர் ஆட்டைக் கொடுத்தார். அவ்வாடு கயிறுகளைக் கடித்தது. வைக்கோல் தொப்பியைத் தின்றது. முடிவில் மேற்கிந்தியத் தீவுகளின் கடல்வரைபடத்தையும் தின்று தீர்த்தது. அடுத்த தீவிலேயே அதனை இறக்கிவிட்டு, வரைபடமின்றியே பயணத்தைத் தொடர்ந்தார்.

திரும்புதலும் மறைவும்

1898-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் ஸ்ப்ரே நங்கூரமிட்டது. மூன்று ஆண்டு இரண்டு திங்களில் அவர் கடந்த தூரம் 46,000 மைல். அடுத்த சில நாளில் பேர்ஹேவனுக்குச் சென்று, படகு முதன்முதலில் நீரில் இறங்கியபோது கட்டப்பட்டிருந்த அதே மரத்தறியில் அதனைக் கட்டினார். 1900-ஆம் ஆண்டில் அவர் எழுதிய பயண நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

நூல் விற்ற பொருளால் மார்த்தாஸ் வைன்யார்ட் என்னும் தீவில் சிறு பண்ணை வாங்கினார். ஆயினும் மண் அவரைக் கட்டிவைக்கவில்லை. குளிர்காலந்தோறும் ஸ்ப்ரேயில் தெற்கே சென்று வந்தார். ஒருமுறை அவ்வாறு தனியே சென்றவர் திரும்பவில்லை. அவர் மறைந்த நாள் 1909-ஆம் ஆண்டு நவம்பர் 14 எனப் பதிவாகியுள்ளது. படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. 1924-ஆம் ஆண்டில்தான் சட்டம் அவரை இறந்தவராக அறிவித்தது. அவ்வளவு காலமும் கரையில் இருந்தோர் பட்ட துன்பத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் ஆசையின்வழிச் செல்வோர்க்காக வீட்டிலிருந்து காத்திருப்போரும் ஒருவகையில் கடலைக் கடப்பவரே.

மாணவர்களே! ஸ்லோக்கம் செல்வராய்ப் பிறக்கவில்லை. நீண்ட நாள் கற்கவுமில்லை. மனைவியையும் கப்பலையும் தொழிலையும் இழந்தபின், பிறர் விறகென்று எண்ணிய படகையே எடுத்துச் செப்பனிட்டார். 46,000 மைலை அவர் ஒரேயடியாகக் கடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் சமைத்து, ஒவ்வோர் உச்சியிலும் அளந்து, ஒவ்வொரு கிழிசலையும் அன்றன்றே தைத்துக் கடந்தார். நம் பாடங்களும் அத்தகையனவே. விடியுமுன் எழுந்து மரம் சீவச் செல்லும் நம் பெற்றோர் இவ்வுண்மையை நன்கறிவர். அன்றன்றைய கடமையை அன்றன்றே முடிப்போமாக. கரை தானே கண்ணிற் படும்.